பெர்லின்காரங்க குடிக்கிறது ஏரித்தண்ணியா? - கேள்வி பதில்

இங்க பெர்லின்ல குழாய்த்தண்ணிய காய்ச்சாம அப்படியே குடிப்போம்னு சொன்னதும் சொன்னேன், ஆளாளுக்கு கேள்வி. நிலத்தடி நீர் படிச்சவங்கற முறைல முடிஞ்சதுக்கு பதில் சொல்றேன்.

அக்கா, ஏரித்தண்ணியயா குடிக்கிறீங்க, பாசி நாத்தம் அடிக்காதா?

நேரா ஏரில மோட்டார் போடறது இல்ல தம்பி. டேகல், வான்சே மாதிரி ஏரிக்கரைய ஒட்டி வரிசையா போர் போட்டிருக்காங்க, போர்ல இழுக்க இழுக்க அங்க நிலத்தடி மட்டம் இறங்கிடும், ஏரி மட்டம் மேல நிக்கும், அதனால ஏரித்தண்ணி கரை மணலுக்குள்ள பூந்து தானா போர் பக்கம் நகர ஆரம்பிக்கும். 100 மீட்டர் வர மாசக்கணக்குல ஆகும், அவ்ளோ ஸ்லோ. ஊர் தண்ணில பாதிக்கு மேல இப்படி வர்றதுதான். பனியுகத்துல வந்து படிஞ்ச மணல் இங்க கீழ நெறைய கிடக்கு, அது இந்த ஊரோட அதிர்ஷ்டம்.

மணல் ஒரு சல்லடை, பாக்டீரியா அதவிட பொடிசு, எப்படி நிக்கும்?

சல்லடைன்னு நெனச்சாதான் புரியாது. மணல்ல மேல இருக்கற சில சென்டிமீட்டர்ல வழவழன்னு ஒரு படலம் கட்டியிருக்கும், அதுல இருக்கற நுண்ணுயிரிதான் வர்ற அழுக்க தின்னு தீர்க்குது, பாசியோட விஷம் கூட பெரும்பாலும் அங்கயே உடைஞ்சிடும். வைரஸ் மணல்ல ஒட்டிக்கிட்டு நாள் போகப்போக செத்துடும். ஜெர்மனில கிணத்துக்கு பாதுகாப்பு எல்லை போடும்போது 50 நாள்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, தண்ணி அவ்ளோ நாளாவது மண்ணுக்குள்ள இருந்துட்டு வரணும்னு. அதனால என்னைக் கேட்டா மணல விட நாள்தான் பெரிய ஃபில்டர்.

அப்ப குளோரின்?

வழக்கமா போடறதில்ல. வழில ஆக்சிஜன் தீர்ந்துபோய் மணல்ல இருக்கற இரும்பும் மாங்கனீசும் கரைஞ்சு வரும், அதுக்கு மட்டும் தண்ணில காத்து ஏத்தி, அது துருவா திரண்டதும் வடிகட்டுவாங்க. உப்புக்கறை அப்படியே இருக்கும், என் கெட்டில பாத்தா சிரிப்பீங்க.

மாத்திரை மருந்தெல்லாம் ஏரில கலக்குதே மேடம்?

கலக்குது. சிலது மணல்ல உடையும், வலிப்பு மாத்திரை கார்பமசபின் மாதிரி சிலது ஜம்முனு தாண்டி வந்துடும். லவுசிட்ஸ் பகுதி நிலக்கரி சுரங்கத்துல இருந்து, பெர்லின் வழியா ஓடற ஸ்ப்ரே ஆத்துல வர்ற சல்பேட்ங்கற உப்பையும் மணல் ஒண்ணும் பண்ணாது. அதனால ஏரிக்கு வர்ற தண்ணியவே கவனிக்கணும், டேகல் ஏரிக்கு போற தண்ணில பாசிக்கு உரமாகற பாஸ்பேட்ட எடுக்கறதுக்குன்னே 1985ல தனியா ஒரு பிளான்ட் கட்டினாங்க.

எங்க ஆயா ஆத்துமணல்ல ஊத்து தோண்டி குடத்துல மொள்ளும், அதுவும் இதுதானே?

அதேதான்! பாலாத்து மணல்ல கிணறு எறக்கி ஊருக்கு தண்ணி குடுக்கறதும் இதே வித்தைதான், நைனிடால்ல ஏரிக்கரை போர்லயும் எடுக்கறாங்க. என்ன, ஊத்துல தண்ணி வர்ற தூரம் ரொம்ப கம்மி, மேல யாராச்சும் அசிங்கம் பண்ணியிருந்தா கதை கந்தல்.

வீட்டுப்பக்கம் குளம் இருக்கு, கரைல போர் போட்டா குடிக்கலாமா?

அடில களிமண்ணா இருந்தா குளத்துத்தண்ணி போருக்கே வராது. வெறும் பாறை வெடிப்புன்னா வடிகட்டாமலே வந்துடும், அது இன்னும் மோசம். பக்கத்துல செப்டிக் டேங்க் இருக்கான்னும் பாருங்க, மழைக்காலத்துல ஒருதரம் வெயில்காலத்துல ஒருதரம் லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, அதுவரைக்கும் காய்ச்சியே குடிங்க.