கணவருக்கும் அந்த டெஸ்ட் வேண்டும்

வணக்கம் அக்கா,

மூன்றாவது முறையாகக் கரு கலைந்துவிட்டது. மூன்றுமே பத்து வாரத்துக்குள். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன் எல்லாம் நார்மல், காரணம் தெரியவில்லை என்கிறார்கள். எம்டிஎச்எஃப்ஆர் ஜீனில் மாற்றம் இருப்பதாக ஒரு ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் சித்திக்கும் இரண்டு முறை கலைந்திருப்பதால் ‘உங்கள் வம்சக் கோளாறு’ என்கிறார் மாமியார். கணவருக்கு எந்த டெஸ்டும் எடுக்கவில்லை. குறை என்னிடம்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த எம்டிஎச்எஃப்ஆர் ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள். பிரச்சினையே இல்லாமல் பிள்ளை பெற்றவர்களிடமும் சர்வசாதாரணமாக இருக்கும் மாற்றம் அது. தொடர் கருச்சிதைவுக்காக அதைப் பரிசோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கழகம் 2013லேயே சொல்லிவிட்டது, இங்கே இன்னும் எழுதிக் கொடுக்கிறார்கள், பெண்கள் அதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள். கோபமாக வருகிறது.

அப்புறம் வம்சம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம், அதாவது செல்லுக்குள் ஜீன்களைத் தாங்கும் இழைகளின் எண்ணிக்கையே தவறியிருக்கும். பெரும்பாலும் முட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது, வயது ஏற ஏறக் கூடும். நீங்கள் தூக்கிய குடத்தாலும் ஏறிய பஸ்ஸாலும் சாப்பிட்ட பப்பாளியாலும் அந்த எண்ணிக்கை மாறாது.

பெற்றோரிடமிருந்து வரக்கூடியதும் ஒன்று உண்டு. இப்படித் தொடர்ந்து கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் வீட்டில், இருவரில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். டிரான்ஸ்லொகேஷன் என்பார்கள். மொத்தத்தில் எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஆனால் கருவுக்கு அவருடைய குரோமோசோம்களில் பாதி மட்டும் போகும்போது ஒரு துண்டு கூடியோ குறைந்தோ போய்விடலாம். இது குடும்பத்தில் வழிவழியாக வரும் என்பது உண்மைதான். அந்தக் குடும்பம் உங்களுடையதாகவும் இருக்கலாம், உங்கள் மாமியாருடையதாகவும் இருக்கலாம்.

ஆகவே கேரியோடைப் டெஸ்ட், இரண்டு பேருக்கும், ஒரே நாளில். கையில் கொஞ்சம் ரத்தம்தான் எடுப்பார்கள். லேபில் வெள்ளை அணுக்களை மூன்று நாள் போல வளர்த்து, செல் பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, 46 குரோமோசோம்களையும் ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்ப்பார்கள். கணவர் தயங்கினால் இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள்.

உங்கள் பட்டியலில் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி டெஸ்ட் இல்லையே, ஏன்? ரத்தத்தை உறைய வைக்கும் ஒருவித எதிர்ப்பொருள் உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. அது பரம்பரை விஷயம் இல்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துச் சமாளிக்கக்கூடியது. பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஒருவேளை மறுபடி கலைந்தால் திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி இப்போதே டாக்டரிடம் பேசி ஃபைலில் எழுதி வையுங்கள். வழக்கம்போல ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் செல்களை வளர்க்க முடியாது, சலைனில் போட்டு உடனே அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் இது ஞாபகம் வராது.

இருவருக்கும் நார்மல் என்று வந்தால், உங்களைப் போலக் காரணம் தெரியாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தனிச் சிகிச்சை இல்லாமலே அடுத்தடுத்த முயற்சிகளில் குழந்தை பெற்றிருக்கிறார்கள். டிரான்ஸ்லொகேஷன் என்றே வந்தாலும் பயந்து ஐவிஎஃப்புக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள், டிரான்ஸ்லொகேஷன் இருந்தும் இயற்கையாகவே நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறையப் பேர்.