பதினான்கு பேருக்கு எத்தனை கதவு?
வாசகர் கேள்வி - பதில்

குடும்பத்தோடு விடுமுறைக்குச் செல்வோர் டைம்ஷேர் (முதலில் ஒரு தொகை கட்டி, பல ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சில இரவுகள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை பெறும் திட்டம்) தங்குமிடங்களைத் தேர்ந்தெடுப்பது குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் நான்கிற்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பா, அம்மா; அண்ணன், மயினி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள்; நான், மனைவி, இரண்டு பிள்ளைகள்; தங்கை, மச்சான், அவர்களுடைய ஒரு மகள் என்று எங்கள் குடும்பத்தில் மொத்தம் 14 பேர். அப்பாவும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். அண்ணன் மஸ்கட்டிலும் தங்கை பெங்களூரிலும் வசிக்கிறார்கள். 25 ஆண்டு டைம்ஷேர் உறுப்பினர் திட்டம் ஒன்றை ரூ.4,50,000-க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் ரூ.20,000 தனி. ஒரு படுக்கையறை வகையில் நான்கு பேரும் இரண்டு படுக்கையறை வகையில் ஆறு பேரும் தங்கலாமாம். எது எங்களுக்குப் பொருந்தும்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 'ஆறு பேர் தங்கலாம்' என்று விற்பனையாளர் சொல்லும்போது, ஹாலில் கிடக்கும் சோபாவை இரவில் விரித்தால் அதில் படுக்கக்கூடிய இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறார். இந்தக் கணக்கை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். 1974-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆர்.சி.ஐ. என்னும் டைம்ஷேர் பரிமாற்ற நிறுவனம் (உறுப்பினர் தம் இரவுகளைக் கொடுத்து வேறொரு ரிசார்ட்டில் தங்க வழிசெய்வது) ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் இரண்டு எண்களைக் குறிப்பிடுவது வழக்கம். அதிகபட்சம் எத்தனை பேர் படுக்கலாம் என்பது ஒன்று. பிறர் படுத்திருக்கும் இடத்தைக் கடக்காமல் குளியலறைக்குச் சென்றுவரும் வசதியோடு எத்தனை பேர் தங்கலாம் என்பது மற்றொன்று. முதல் எண் ஆறு என்றால் இரண்டாவது எண் பெரும்பாலும் நான்காகத்தான் இருக்கும். நீங்கள் எந்த நிறுவனத்திடம் பேசினாலும் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாவிட்டால் அறைகளின் வரைபடத்தை வாங்கி, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இதை நான் பட்டறிந்தே எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், மலை ஊர் ஒன்றில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு டைம்ஷேர் குடியிருப்பில், இரண்டு மெத்தைகளைக் கூடுதலாக வாங்கிப் போட்டு எட்டுப் பேர் தங்கினோம். இரண்டு குளியலறைகள் இருந்தன. ஆனால் இரண்டுமே படுக்கையறைகளுக்கு உள்ளே இருந்தன. ஹாலில் சோபாவை விரித்து, அப்போது 74 வயதாகியிருந்த எங்கள் அத்தையைப் படுக்க வைத்தோம். அதிகாலை நாலரை மணிக்கு நான் எழுந்து வந்தபோது, அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்றால் மருமகளும் பிள்ளைகளும் தூங்கும் அறையைத் தட்ட வேண்டும். அதற்கு மனம் வராமல் இரண்டு மணி நேரமாக அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். "பிள்ளைகள் அலைந்து வந்து கிடக்குதுகள், உறங்கட்டும் மக்களே" என்றார். அன்றிலிருந்து எங்கு இடம் பிடித்தாலும் நான் கட்டிலை எண்ணுவதில்லை, கதவைத்தான் எண்ணுகிறேன்.

உங்கள் வீட்டுக்கும் அப்படியே எண்ணிப் பார்ப்போம். பெற்றோருக்கு ஒன்று, மூன்று தம்பதியருக்கு மூன்று என்று தாழ்ப்பாள் போடக்கூடிய நான்கு கதவுகள் வேண்டும். ஆறு பிள்ளைகளும் பெற்றோருடனோ ஹாலிலோ படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டம்தான். இரண்டு படுக்கையறைக் குடியிருப்புகள் இரண்டை எடுத்தால் நான்கு கதவுகள் கிடைத்தாலும் 12 பேருக்குத்தான் அனுமதி. இரண்டு படுக்கையறையில் ஒன்றும் ஒரு படுக்கையறையில் இரண்டும் எடுத்தால் நான்கு கதவுகளும் சரி, 14 பேரும் சரி. சில ரிசார்ட்டுகளில் 'லாக்-ஆஃப்' என்றொரு அமைப்பு உண்டு. ஒரு பெரிய குடியிருப்பை இடைக்கதவைப் பூட்டித் தனி வாசல் கொண்ட இரண்டாகப் பிரிக்கலாம், வேண்டும்போது திறந்து ஒன்றாக்கலாம். பெரிய குடும்பத்துக்கு இதைப் போல ஏற்ற அமைப்பு வேறில்லை என்பேன். மலைச் சரிவில் கட்டப்பட்ட ரிசார்ட்டுகளில் வரவேற்பறை ஒரு மட்டத்திலும் உணவகம் வேறொரு மட்டத்திலும் இருப்பது வழக்கமாதலால், உங்கள் அம்மாவின் முழங்காலை எண்ணி, அறையிலிருந்து உணவகம்வரை எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாட்கணக்கு. இத்தகைய திட்டங்களில் பொதுவாக ஆண்டுக்கு ஏழு இரவுகள் தருவார்கள். ஒரே நேரத்தில் மூன்று குடியிருப்புகளை எடுத்தால் ஒவ்வோர் இரவும் மூன்று இரவுகளாகக் கழியும்; அதாவது ஓர் உறுப்பினர் அட்டையில் 14 பேரும் சேர்ந்து தங்கக்கூடியது ஆண்டுக்கு இரண்டு இரவுகள்தான். ஏழு இரவு என்ற சொல்லைக் கேட்டு ஒரு வாரத்தை மனதில் கட்டி வைத்திருந்தால் அதைக் கலைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியமானது பருவம். கிளப் மகிந்திரா என்னும் டைம்ஷேர் நிறுவனம் பர்ப்பிள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஆண்டை நான்கு நிறங்களாகப் பிரித்திருப்பதைப் போலவே மற்ற நிறுவனங்களும் ஏதோ ஒரு வகையில் பிரித்திருக்கின்றன. உயர்ந்த நிறத்தை வாங்கியவர் தாழ்ந்த நிற நாட்களிலும் தங்கலாம். தாழ்ந்ததை வாங்கியவர் உயர்ந்த நாட்களுக்கு உரிமை கோர முடியாது. உங்கள் அண்ணன் பிள்ளைகளுக்கு மஸ்கட்டில் நீண்ட விடுமுறை, பள்ளியைப் பொறுத்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் வரும். உங்கள் பிள்ளைகளுக்கோ ஜூன் மாதமே பள்ளி திறந்துவிடும். இரு தரப்பும் ஒன்றுகூடக்கூடிய நாட்கள், இங்கே அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான ஒரு வாரம், பத்து நாள்தான். விலை மிகுந்த நிறம் அந்த நாட்களுக்கே உரியது. அறைக்குப் போட்டி மிகுந்த நாட்களும் அவையே. விலை குறைவு என்று வெள்ளையையோ நீலத்தையோ வாங்கினால், 25 ஆண்டில் ஒருமுறைகூட எல்லாரும் சேர்ந்து போக முடியாமல் போகலாம். ரூ.4,50,000 என்பது எந்த நிறத்துக்கு, எந்த அளவுக்கு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. விற்பனையாளர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதுவே நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பணத்தைப் பார்ப்போம். ரூ.4,50,000-ஐ வைப்புத்தொகையில் போட்டு 7 சதவீத வட்டி கிடைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு ரூ.31,500. அதை இழக்கிறீர்கள். ஆண்டுக் கட்டணம் ரூ.20,000-ஐயும் சேர்த்தால் ரூ.51,500, ஏழு இரவால் வகுத்தால் ஒரு குடியிருப்புக்கு ஓர் இரவு சுமார் ரூ.7,350 ஆகிறது. 25 ஆண்டு முடிந்ததும் முதலும் திரும்பி வராது. ஆண்டுக் கட்டணம் இன்றிருக்கும் அளவிலேயே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். எந்த விகிதத்தில் ஏற்றுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். நீங்கள் போகாத ஆண்டிலும் அதைக் கட்டியாக வேண்டும்.

என் கருத்து இது. 14 பேர் கூடுவதற்காக இத்திட்டத்தை வாங்க வேண்டாம். உங்கள் கூரையின் கீழ் பெற்றோரோடு சேர்த்து ஆறு பேர் இருக்கிறீர்கள். இந்த ஆறு பேரும் ஆண்டுதோறும் தவறாமல் வெளியூர் போகிறவர்கள் என்றால், இரண்டு படுக்கையறை வகை, ஹாலிலிருந்து திறக்கும் ஒரு கழிப்பறையோடு இருக்குமானால், அதை மட்டும் பரிசீலிக்கலாம். அண்ணனும் தங்கையும் வரும் ஆண்டில் அவர்களுக்கான அறைகளை அதே ரிசார்ட்டில் வாடகைக்கு எடுப்பதே மலிவு. அதற்கு முன்பாக ஒருமுறை, எந்த உறுப்பினர் திட்டமும் இல்லாமல், வாடகை கொடுத்து அங்கே இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். இன்னொன்று: கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டெம்போ டிராவலர் ஏற்பாடு செய்தால் ஓட்டுநரிடம் அதை உறுதிப்படுத்திக்கொண்டே புறப்படுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஏற்கெனவே ஸ்டுடியோ வகை (தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை) டைம்ஷேர் உள்ளது. மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஒன்பது பேர் போக நினைக்கிறோம். மாமியாருக்குச் சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும் இல்லாமல் ஆகாது. சமையல் வசதியுள்ள இடத்தை எப்படிக் கேட்டுப் பெறுவது?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, 'கிச்சன் உண்டு' என்ற சொல்லை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். பல ஸ்டுடியோக்களில் கிச்சன் என்பது ஒரு மின்கெட்டிலும் சிறிய குளிர்சாதனப் பெட்டியும்தான்; சில இடங்களில் மைக்ரோவேவ் இருக்கும். அடுப்பு இருக்கிறதா, பாத்திரம் தருவார்களா, மீன் சமைக்க அனுமதி உண்டா என்று மூன்று கேள்விகளையும் ரிசார்ட்டுக்கே மின்னஞ்சலில் அனுப்பி, வரும் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர், மூன்று வேளை, நான்கு நாள் என்றால் 108 சாப்பாடு. ஒன்றுக்கு ரூ.300 என்று குறைத்து வைத்தாலும் ரூ.32,400 ஆகிவிடும். தங்குவது இலவசம் என்று நினைத்துப் போகும் குடும்பங்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த உணவகப் பில்லில்தான். மாமியாருக்கு ஒரு வேளையாவது வீட்டுச் சோறு வேண்டுமென்றால், அரிசியைக் கையோடு கொண்டுபோய், அடுப்புள்ள ஒரு குடியிருப்பை மட்டும் எடுத்து, மற்றவர்களுக்குச் சாதாரண அறைகளை எடுத்தால் போதும்.

அறைகள் அடுத்தடுத்து வேண்டும் என்பதை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எழுதிக் கேளுங்கள். ரிசார்ட்டுக்கு வந்து சேர்ந்தபின் கேட்டால் காலியாக இருப்பதைத்தான் தருவார்கள். இரண்டு ஆண்டுகளின் இரவுகளைச் சேர்த்துப் பயன்படுத்த உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்பது பேருக்கு அது பெரிய உதவி.

கேள்வி: குலுக்கலில் பரிசு விழுந்திருப்பதாகத் தொலைபேசியில் அழைத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும் என்றார்கள். ஒரு ஹோட்டல் அரங்கில் மூன்று மணி நேரம் பேசி, அன்றே கையெழுத்து வாங்கி, கார்டில் ரூ.60,000 எடுத்துவிட்டார்கள். எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: இன்றே ஒப்பந்தத்தை எடுத்து 'ரத்து' என்ற பிரிவைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், அந்த நிறுவனமே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கெடுதான் உங்களுக்கு முதல் பிடி. கெடு இன்னும் இருக்குமானால், ரத்து செய்கிறேன் என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே நாளில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்கலாம் என்பார்கள். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கெடு கடந்துவிடும்.

கெடு முடிந்திருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. அரங்கில் வாய்மொழியாகச் சொன்னதற்கும் தாளில் உள்ளதற்கும் வேறுபாடு இருந்தால், அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று முறையிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். அழைப்பு வந்த எண், அன்று கொடுத்த துண்டுத்தாள், கார்டு ரசீது, விற்பனையாளர் தம் கையால் கணக்குப் போட்டுக் காட்டிய தாள் ஆகியவற்றில் எதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் டைம்ஷேர் வைத்திருக்கும் என் சித்தப்பா மக்கள் பத்துப் பேர் வருகிறார்கள். அதைப் பரிமாற்றம் செய்து கன்னியாகுமரியில் தங்க முடியுமா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: அவர்கள் சேர்ந்திருக்கும் பரிமாற்ற நிறுவனத்தோடு இணைந்த ரிசார்ட் அவர்கள் வரும் தேதியில் இங்கே இருந்தால்தான் முடியும், அதை அவர்களே தங்கள் கணக்கில் தேடிப் பார்த்துவிடலாம். கிடைத்தாலும் ஒரு வாரத்தையும் குமரி முனையில் செலவிடுவதைவிட, அந்த இரவுகளைக் கேரளத்தின் காயலோரத்திலோ மூணாறிலோ பயன்படுத்தச் சொல்லுங்கள். இறங்குவது எப்படியும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தானே. கன்னியாகுமரிக்கு இரண்டு இரவு போதும். விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் விடுதியிலும், அரசு சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாட்டிலும் முன்கூட்டியே கேட்டால் பத்துப் பேருக்கு அறைகள் பிடிக்கலாம். ஊருக்குள் தங்கினால் சூரிய உதயத்தைப் பார்த்த கையோடு படகுத்துறைக்குப் போய்விடலாம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-இல் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து விடுமுறை நாட்களில் அங்கே கூட்டம் அதிகம். குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம்.