எந்தக் கேலன், எந்த டன்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 15 கேலன் என்பது எத்தனை லிட்டர்?

எந்தக் கேலன் என்று குறிப்பிடாமல் வரும் இந்தக் கேள்விக்கு இன்னும் எத்தனை முறை பதில் எழுதுவது? அமெரிக்கக் கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர், பிரிட்டனின் இம்பீரியல் கேலன் ஏறத்தாழ 4.5 லிட்டர். உங்கள் 15 கேலன் 57 லிட்டராகவும் இருக்கலாம், 68 லிட்டராகவும் இருக்கலாம். எண்ணோடு அலகையும், அலகோடு அது எந்த நாட்டு அலகு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஒரு மீட்டர் 3.28 அடி என்றால் ஒரு சதுர மீட்டரும் 3.28 சதுர அடிதானே?

இல்லை. பரப்புக்கு 3.28-ஐ இருமுறை பெருக்க வேண்டும், 10.76 வரும். கன அளவுக்கு மும்முறை பெருக்கினால் 35.3.

கேள்வி: ஓர் எந்திரத்தின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்ததாகப் படித்தேன். மாற்றிப் பார்த்தால் 50 டிகிரி பாரன்ஹீட் வருகிறது. அவ்வளவு உயருமா?

உயராது. 32-ஐக் கூட்டுவது வெப்பநிலையை மாற்றும்போதுதான். இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கினால் போதும். ஆகவே உயர்வு 18 டிகிரி பாரன்ஹீட்.

கேள்வி: இயல்பான உடல் வெப்பநிலை 98.6 டிகிரி பாரன்ஹீட் என்கிறார்கள். எனக்கு 98.9 காட்டுகிறது. இந்த 0.3-ஐப் பொருட்படுத்த வேண்டுமா?

காய்ச்சலா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் நெடுங்காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் பிழை இதில்தான் ஒளிந்திருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் 1868-இல் வெளியிட்ட ஆய்வு, இயல்பான உடல் வெப்பநிலைக்கு 37 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணை நிலைநிறுத்தியது. அவரே அதை ஒரு கோடாகக் கருதவில்லை. காலையில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்றுக் கூடியும் இருக்கும் ஒரு வரம்பாகத்தான் கண்டார். அந்த 37-ஐப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6 வருகிறது. முழு எண்ணாகச் சொல்லப்படும் 37 என்பது 36.5 முதல் 37.5 வரை எதுவாகவும் இருக்கலாம், அதாவது 97.7 முதல் 99.5 பாரன்ஹீட் வரை. புள்ளிக்குப் பின்னுள்ள அந்த 6, அளந்து கண்டதன்று, பெருக்கலில் பிறந்தது. இருந்தும் வெப்பமானியில் அதற்குத் தனியாக ஒரு சிவப்புக் குறி இட்டு, அதை ஒரு கால் டிகிரி தாண்டினாலே கலங்கும்படி மக்களைப் பழக்கியிருக்கிறோம்.

இதே பிழையை ஒவ்வொரு நாளும் காண்கிறேன். மூலத்தில் "சுமார் 100 மைல்" என்றிருப்பது மாற்றியவர் கையில் "சுமார் 160.934 கிலோமீட்டர்" ஆகிவிடுகிறது. மீட்டர் வரை கணக்குச் சொல்லிவிட்டு முன்னால் "சுமார்" என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ! ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பது 1959 முதல் துளியும் பிசகாத வரையறைதான். ஆனால், மாற்றும் காரணி துல்லியமாக இருப்பதால் நீங்கள் அளந்த அளவு துல்லியமாகிவிடாது. மூலத்தில் எத்தனை இலக்கங்களை நம்பலாமோ அத்தனையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். 160 கிலோமீட்டர் என்று எழுதினால் போதும்.

கேள்வி: அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர்; மீதமுள்ள 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும், பிறகு சரியான ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. முக்கால் அங்குலம் ஒரு விதிவிலக்கு: அது 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்திவிடும்.

கேள்வி: அமெரிக்கா மெட்ரிக் முறையை ஏற்கவே இல்லையாமே?

அன்றாட வழக்கில் ஏற்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். 1866-இலேயே அங்கு மெட்ரிக் முறை சட்டபூர்வமாகிவிட்டது. 1875-இல் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட 17 நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் அதன் கெஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படுகின்றன.

கேள்வி: கிலோவா பவுண்டா என்று எழுதாமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

1983 ஜூலையில் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குச் சென்ற ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருளின் எடையைக் கிலோவில் அறிய, லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 என்று பெருக்கியிருக்க வேண்டும், பவுண்டுக்குரிய 1.77-ஐப் போட்டுவிட்டு விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் நடுவானில் நின்றன. கிம்லியில் இருந்த முன்னாள் விமானப்படைத் தளத்தில் விமானி அதைத் திறமையாக இறக்கியதால்தான் அனைவரும் பிழைத்தனர். எண்ணோடு அலகையும் எழுதுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது பொழுதுபோக்குக்காக அன்று.

கேள்வி: ஓர் அவுன்ஸ் தங்கமும் ஓர் அவுன்ஸ் இரும்பும் ஒரே எடைதானே?

தங்கமே கனம். அதை நிறுக்கும் ட்ராய் அவுன்ஸ் 31 கிராம், சாதாரண அவுன்ஸ் 28 கிராம். பவுண்டில் இது தலைகீழாகும்: ட்ராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ்தான் என்பதால் அது 373 கிராம், சாதாரணப் பவுண்டோ 454 கிராம்.

கேள்வி: 40 டன் சரக்கு எத்தனை கிலோ?

மெட்ரிக் டன் 1,000 கிலோ, அமெரிக்கக் குறு டன் 907 கிலோ, பிரிட்டனின் நெடு டன் 1,016 கிலோ. எந்த டன் என்று சரக்குச் சீட்டில் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.