பொது மென்பொருள் காப்பகத்தில் கோப்புகளை எப்படி அடுக்குவது?

பலர் சேர்ந்து ஏற்றும் காப்பகத்தில் வெளியீட்டுக்கு ஒரு ஃபோல்டரா, மென்பொருளுக்கு ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளுக்கு ஒன்று என்பதே என் கட்சி.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் காப்பகத்தைப் பாருங்கள். கோப்புகள் எல்லாம் 'பூல்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அதற்குள் 'மெயின்' போன்ற பிரிவு, பிறகு பெயரின் முதல் எழுத்து, அப்புறம் சோர்ஸ் பேக்கேஜின் (மூல நிரல் தொகுப்பின்) பெயர். எந்த வெளியீட்டில் எது உண்டு என்பதை 'டிஸ்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ள பட்டியல்கள் சொல்லும். ஒரே கோப்பு இரண்டு வெளியீடுகளில் இருந்தாலும் நகல் வேண்டாம். சோதனை நிலையிலிருந்து நிலையான வெளியீட்டுக்குப் போகும்போதும் கோப்பு இடம் மாறாது, பட்டியல்தான் மாறும். 'லிப்' (lib) என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம் என்பதால் அவற்றை மட்டும் முதல் நான்கு ஆங்கில எழுத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வேலைக்கு ஆகிறது.

பெர்ல் நிரல்மொழிக்கான சிபான் காப்பகம், ஏற்றியவர் பெயரில் ஃபோல்டர் வைக்கிறது. யாருடையது என்ற குழப்பம் இல்லை; தேடத்தான் தனிப் பட்டியல் வேண்டும்.

எப்படி அடுக்கினாலும் சரி, வெளியிட்ட கோப்பை அதே பெயரில் மாற்றி ஏற்றாதீர்கள். காப்பகத்தின் நகலை வைத்திருக்கும் மிரர் சர்வர்களில் பழையது கிடக்கும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் எண் பொருந்தாது. ஒரு வரித் திருத்தமானாலும் புதிய பதிப்பு எண் கொடுங்கள்.