பொட்டாசியம் எங்கே?

வணக்கம் ஐயா,
நான் வேதியியல் ஆய்வு மாணவி. கரிம எதிர் அயனிகளை, அதாவது எதிர் மின்னூட்டம் கொண்ட கரிமத் துகள்களை, ஹைட்ரஜன் பிணைப்பால் கோர்த்துப் படிகம் வடிவமைப்பது என் தலைப்பு. பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டில் எதிர் அயனிகளே ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகின்றன. ஆக்சிஜன்களுக்கு இடையே 2.5 ஆங்ஸ்ட்ராம்தான். அப்படியானால் மின்னூட்டம் பொருட்டல்ல என்று கொள்ளலாமா? எந்த மென்பொருள் நல்லது? எந்த உப்பில் தொடங்கலாம்?

அன்புள்ள மாணவிக்கு,

மென்பொருளை விடுங்கள், உங்கள் கல்லூரித் துறையில் இருப்பதே போதும். இந்த ஆக்சலேட் விஷயம் சில நாளாக என் மண்டையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மின்னூட்டம் பொருட்டல்ல என்று எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு? இரண்டுமே எதிர் அயனிகள், ஒன்றையொன்று விலக்கும். 1998இல் பிராகா, கிரெபியோனி, நோவோவா என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதே உப்பைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த ஜோடியை மட்டும் தனியே எடுத்தால் விலக்கம்தான் மிஞ்சுகிறது. சங்கிலியைச் சேர்த்து வைத்திருப்பது சுற்றி நிற்கும் நேர் அயனியான பொட்டாசியம். தூரம் குறைந்தால் பிணைப்பு வலுக்கும் என்ற பாடம் அங்கே செல்லாது. இதை ஹைட்ரஜன் பிணைப்பு என்று சொல்லலாமா என்று சண்டைகூட நடந்தது. எப்படி அழைத்தாலும் சரி, நேர் அயனி இல்லாமல் அந்தப் படிகமே இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் படங்கள். "தெளிவுக்காக நேர் அயனிகள் நீக்கப்பட்டுள்ளன" என்று அடியில் ஒரு வரி! பந்தக்கால்களை அழித்துவிட்டுக் கூரை அந்தரத்தில் நிற்பதாகக் காட்டுகிற வேலை அது. நான் ஆய்வு செய்த காலத்தில் என் நெறியாளர் எந்த ஆய்வுச் சுவரொட்டி முன் நின்றாலும் முதலில் கேட்பது, "பொட்டாசியம் எங்கே?" என்றுதான். கேட்டுவிட்டு அந்த மாணவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தூரங்களை ஒவ்வொன்றாக அளந்து காட்டுவார். ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்டும் புள்ளிக்கோடு நாம் வரைவது. ஆற்றலை அது சொல்லாது. கணக்கிடாமல் வலு என்று எழுதாதீர்கள், தயவுசெய்து.

உப்பா? குவானிடினியம் சல்ஃபோனேட். நேர் அயனியான குவானிடினியத்தில், ஹைட்ரஜனைப் பிணைப்புக்குத் தரும் நைட்ரஜன்-ஹைட்ரஜன் கொடைகள் ஆறு. எதிர் அயனியான சல்ஃபோனேட்டின் மூன்று ஆக்சிஜனும் ஆளுக்கு இரண்டை ஏற்றால் அங்கும் ஆறு. இங்கே மின்னூட்டமும் பிணைப்பும் ஒரே பக்கம் இழுக்கின்றன, அறுகோணத் தாளாக விரிகிறது. இதைப் பற்றி ரஸ்ஸல், எட்டர், வார்டு எழுதிய கட்டுரை 1994இல் வந்தது. அவர்களில் மார்கரெட் எட்டர் 1992லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரை அதில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

அதை முதலில் படியுங்கள். அப்புறம் கரைசலை மெதுவாக ஆவியாக விடுங்கள். தாள் அமைப்பு வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.