48 வண்ணப் பெட்டியா, நல்ல தாளா?

கேள்வி: வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கி, கதைகளுக்குப் படம் வரையத் தொடங்கியிருக்கிறேன். எனக்குப் பிடித்த ஓவியர்கள் தங்கள் அறையையும் கருவிகளையும் காட்டும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, 48 வண்ண வாட்டர்கலர் பெட்டி, விலை உயர்ந்த பிரஷ் செட், மேசை விளக்கு என்று பட்டியல் நீண்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் பணம் போதாது. இன்னொன்று, போன வருடம் தோழிக்கு வரைந்து கொடுத்த படத்தில் பளிச்சென்று இருந்த இளஞ்சிவப்பு வெளுத்துப் போய்விட்டது. வாங்கியபோது ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெட்டியைத் தள்ளி வையுங்கள். முதல் செலவு தாளுக்குத்தான். சுமாரான வண்ணம்கூட நல்ல தாளில் அழகாக உட்காரும். மெல்லிய தாளில் உயர்ந்த வண்ணமும் திட்டுத் திட்டாகிவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடை, 100 சதவீதம் பருத்தி, அமிலமற்றது: இந்த மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'காட்டன்' என்று போட்டிருந்தால் போதாது, 25 சதவீதம் மட்டும் பருத்தி கலந்த தாளும் உண்டு. பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதால் ஒரு நிறம் இன்னொன்றோடு நிதானமாகக் கலக்கும், மேலே மேலே பூசினாலும் தாங்கும். மையில் நுணுக்கமான கோடு போடுபவர் என்றால் வழவழப்பான ஹாட் பிரஸ் வகை, இல்லாவிட்டால் சற்றுச் சொரசொரப்பான கோல்ட் பிரஸ். 56 x 76 செ.மீ. முழுத் தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் பெரும்பாலும் கட்டாக வரும் 'பேட்' வாங்குவதை விட மலிவாக முடியும். பயிற்சிக்கு மரக்கூழ்த் தாளே போதும்.

அந்த இளஞ்சிவப்பைப் பற்றிப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. கண்ணைப் பறிக்கும் ஒளிரும் இளஞ்சிவப்புகளில் பெரும்பாலும் வெளிச்சம் தாங்காத சாயம் சேர்ந்திருக்கும். டியூபில் ஒளி தாங்கும் தரம் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'தாங்காது' என்று போட்டே விற்றிருந்தால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. எதுவுமே அச்சிடாத வண்ணத்தை, சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வாங்காதீர்கள்.

அதைவிட முக்கியம் நிறமி எண், அதாவது வண்ணத்தில் எந்த நிறப்பொடி இருக்கிறது என்று டியூபில் போட்டிருக்கும் குறியீடு. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் மாறாது. பிபி 29 என்றால் அல்ட்ராமரீன் நீலம். பிவி 19 ரோஜா நிறம், வெளுத்துப்போன உங்கள் இளஞ்சிவப்புக்கு நல்ல மாற்று. பிவை 154 நல்ல மஞ்சள். மூன்றும் வெளிச்சம் தாங்கும். இவற்றோடு ஒரு மண் பழுப்பு சேர்த்தால் ஏராளமான நிறங்களை நீங்களே கலந்துகொள்ளலாம். பெரிய பெட்டிகளில் இரண்டு மூன்று நிறமிகள் கலந்த கலவைகள் நிறைய இருக்கும். அவற்றை மறுபடி கலந்தால் சீக்கிரம் சேறாகிவிடும். பெயரோடு 'ஹியூ' என்று இருந்தால், அது மூல நிறமிக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டது என்று அர்த்தம். பல சமயம் அது கெடுதல் அல்ல, அலிசரின் கிரிம்சன் என்ற பழைய ஆழ்சிவப்புக்கு (பிஆர் 83) வரும் மாற்றுகள் பல அசலை விட நீடிக்கும்.

கையில் ஏற்கெனவே உள்ள வண்ணங்களைச் சோதிக்க ஒரு வழி: ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். அச்சுக்கு மட்டும் போகும் படம் என்றால் வெளுக்கும் நிறத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒளிரும் நிறங்களை ஸ்கேனர் சரியாகப் பிடிப்பதில்லை.

பிரஷ் செட் வேண்டாம். 8ஆம் எண் வட்ட பிரஷ் ஒன்று, செயற்கை மயிரே போதும். நனைத்து உதறினால் முனை ஊசி போலக் குவிய வேண்டும்.

அப்புறம் விளக்கு. இரவில் வரைபவர் என்றால் தாளுக்கு அடுத்த செலவு அதுதான்: நிறம் காட்டும் குறியீடு, அதாவது சிஆர்ஐ, 90க்கு மேல், பகல் போல வெள்ளையான 5000 கெல்வின் வெளிச்சம். வலது கையால் வரைந்தால் இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் விழாது.