பிரபஞ்சத் திகில்: எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைத் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்கு கதை தாண்டியும் பயமே வரவில்லை. காஸ்மிக் ஹாரர் என்கிற இந்தப் பிரபஞ்சத் திகில் எனக்கு ஒத்துவராதா?

பதில்: வரிசைதான் காலை வாரிவிட்டது. தொகுப்புகள் பல, எழுதிய கால வரிசையில் அடுக்கப்பட்டவை. அவர் கை தேறியதோ பின்னால்தான். 1927-ல் வந்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதைக்கு நேராகப் போங்கள். ஒரு பண்ணையில் விண்கல் விழுகிறது. ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன துண்டு சுருங்கிச் சுருங்கி, வைத்திருந்த குடுவையோடு காணாமல் போகிறது. அந்த வருஷம் பழங்கள் பெருத்து மினுமினுக்கின்றன, கடித்தால் கசப்பு. பேயும் இல்லை, சாபமும் இல்லை. பெயரற்ற ஒரு நிறம் மட்டும். அதற்கு மனிதர்கள் மேல் கோபம்கூடக் கிடையாது. நம்மைப் பொருட்டாகவே எண்ணாத ஒன்று என்பதுதான் இந்த வகையின் உயிர்நாடி. ஒரே மூச்சில் படியுங்கள். விட்டுவிட்டுப் படித்தால் மெல்லச் சேரும் அச்சம் கலைந்துவிடும்.

அடுத்தது அல்ஜெர்னான் பிளாக்வுட்டின் 'தி வில்லோஸ்' (1907). டான்யூப் நதித் திட்டில் கூடாரம் போட்ட இரண்டு பேர். விடிந்து பார்த்தால் ஒரு துடுப்பைக் காணோம். மிஞ்சிய துடுப்போ, ஒரு இழுப்பில் ஒடிகிற அளவுக்குச் சீராகச் சுரண்டப்பட்டிருக்கிறது. அந்தத் துடுப்பு தரும் நடுக்கத்தை எந்த அரக்கனும் தரமாட்டான்!

லவ்கிராஃப்டின் 'தி கால் ஆஃப் கதுல்ஹு' மூன்றாவதாக வரட்டும். அண்டார்க்டிகாவில் நடக்கும் அவருடைய 'அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' கடைசியில். சுவர்ச் சிற்பங்களை வர்ணிக்கும் இடம் நீளம். அங்கே பொறுமை வேண்டும்.

கேள்வி: 'தி கிங் இன் யெல்லோ' பாதியில் காதல் கதையாகிவிட்டதே?

பதில்: ராபர்ட் சேம்பர்ஸின் அந்த 1895 புத்தகத்தில் பத்துக் கதைகள். புத்தகத்தின் பெயரையே கொண்ட, படித்தவரைப் பித்தாக்கும் கற்பனை நாடகம் முதல் நான்கில்தான் வருகிறது. அதோடு நிறுத்தினால் குறையில்லை. முதல் கதையை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கதைசொல்லியின் வாக்கை நம்பாமல்.

கேள்வி: லவ்கிராஃப்டின் இனவெறி உறுத்துகிறது. இன்றைய எழுத்தில் எதைப் படிக்கலாம்?

பதில்: உறுத்தத்தான் வேண்டும். அவருடைய 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்' கதையில் அது அப்பட்டம். அந்தக் கதையையே எடுத்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞன் ஒருவனை நடுவில் நிறுத்தித் திருப்பி எழுதினார் விக்டர் லவேல்: 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்' (2016). மூலத்தை முதலில் படித்தால்தான் பதிலடி முழுதாக உறைக்கும். ஜெஃப் வாண்டர்மீரின் 'அனைஹிலேஷன்' (2014) ஒரு வரிசையின் முதல் நாவல் என்றாலும் தனியாகவே படிக்கலாம். டி. கிங்ஃபிஷரின் 'தி ஹாலோ ப்ளேசஸ்' (2020) பிளாக்வுட்டின் அந்த வில்லோ மரங்களிலிருந்தே முளைத்தது. ஆகவே 'தி வில்லோஸ்' முடித்த கையோடு எடுங்கள்.